ஒன்பதாம் எண்ணில் வெங்காயம்

பெயர்: ஸ்லாட்டா கெல்பர்மன். பிறப்பு: 11 மார்ச் 1962, ப்ரூக்ளின். இருப்பிடம்: பரோ பார்க், நாற்பத்தொன்பதாம் தெரு, இரண்டாம் மாடி. திருமணம்: 1981, கணவர் ஃபைவிஷ் கெல்பர்மன், ஜன்னல் திரை வியாபாரி. பிள்ளைகள்: மகன்கள் நால்வர், மகள்கள் மூவர், அனைவரும் மணமானவர்கள். பொதுப்பணி: 2 அக்டோபர் 2013 முதல் புதன்கிழமைதோறும், ரெப் லைபிஷின் தொலைபேசிச் சேவையில் ஒன்பதாம் எண்ணில், ஐந்து நிமிடப் பேச்சு. பேச்சின் பொருள்: ஒரு யிட்டிஷ் சொல், ஒரு வெங்காயம்.

இதுவரை சொன்னதற்கு எவரும் மறுப்புத் தெரிவித்ததில்லை.

யிட்டிஷ் பேசும் ஆசார யூதர்கள் வாழ்ந்து, கணினியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்ட அந்தத் தெருக்களுக்குள் உலகம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் நுழைகிறது. ரெப் லைபிஷின் சேவையை அழைத்து ஒன்றை அழுத்தினால் செய்தி வரும். இரண்டை அழுத்தினால் இறப்பு அறிவிப்பு. மூன்றில் ராபிமார்கள் எனும் மதகுருக்களின் உபதேசம், நான்கில் நிச்சயதார்த்தங்கள், ஆறில் தொலைந்த பொருட்கள். இவற்றுள் அதிகம் கேட்கப்பட்டது எண் இரண்டு. யார் இறந்தார்கள் என்பதைவிட யார் இன்னும் இறக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே பலர் அதை அழுத்தினார்கள் என்று சொல்லப்படுவதற்குச் சான்று ஏதும் இல்லை.

ஒன்பதாம் எண் ஸ்லாட்டாவுக்குக் கிடைத்த விதம் எளியது. மூன்றாம் எண்ணில் ஓர் இளம் ராபி தூய்மையைப் பற்றிப் பேசுகையில் கந்தல் துணிக்கு ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். ஸ்லாட்டா உடனே ரெப் லைபிஷை அழைத்து, ஷ்மாட்டா என்றொரு சொல் நம்மிடம் இருக்கையில் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினாள். "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே வந்து பேசுங்களேன், மிசஸ் கெல்பர்மன்!" என்றார் ரெப் லைபிஷ். அதை அவர் வசையாகச் சொன்னார். அவள் அதை நியமனமாக ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை முதல் பேச்சு ஒலிபரப்பானது. சொல்: ஷ்மாட்டா. பொருள்: மூன்று மகன்கள் அடுத்தடுத்து அணிந்து முடித்த சட்டை நான்காம் மகனுக்கு வரும்போது அடையும் நிலை. வெங்காயம்: பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, சூடான இறைச்சி வாட்டும் கம்பிகளின்மேல் தேய்த்தால் கருகல் கையோடு வந்துவிடும். இரண்டாம் வாரம் ஷ்லெப். அதாவது, பதின்மூன்றாம் நிழற்சாலையிலிருந்து இரு கைகளிலும் பைகளோடு, தன்னையும் ஒரு பையாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு வீடு வருதல். வெங்காயம்: துருப்பிடித்த கத்தியைப் பெரிய வெங்காயத்துக்குள் சில முறை குத்தி எடுத்தால் துரு போகும். மூன்றாம் வாரம் க்வெட்ச். எலுமிச்சையைப் பிழிவதற்கும் கணவர் சோபாவில் அமர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதற்கும் பொதுவான சொல். வெங்காயம்: வண்ணம் பூசிய அறையில் நறுக்கி வைத்தால் வண்ணத்தின் வாடை போய்விடும். வெங்காய வாடை வருமே என்று கேட்ட நேயருக்கு, அது வீட்டு வாடை என்று அடுத்த வாரம் பதில் தரப்பட்டது.

குளிர்காலம் முழுவதும் இவ்வாறே சென்றது. சுவரில் தொங்கும் பெரியவர்களின் படங்களின் பொன்முலாம் பூசிய சட்டங்கள் வெங்காயத் தண்ணீரில் மீண்டும் மின்னின. காரின் கண்ணாடியில் முதல்நாள் தேய்த்தால் மறுநாள் உறைபனி ஒட்டாது என்றாள். சளி பிடித்த குழந்தைகளின் காலுறைக்குள் வெங்காய வில்லைகளை வைக்கச் சொன்னாள். காலுறையைக் கழற்றினால் போதும் என்ற ஆசையில் குழந்தைகள் விரைவாகக் குணமானார்கள்.

இவையெல்லாம் ஊருக்குத் தேவைப்பட்டனவா என்பது ஆய்வுக்குரியது. ஸ்லாட்டாவுக்குத் தேவைப்பட்டன. ரெப் லைபிஷின் கருவி ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது: எத்தனை பேர் ஒன்பதை அழுத்தினார்கள் என்பதோடு, எத்தனை பேர் துண்டிக்காமல் கடைசிவரை கேட்டார்கள் என்பதையும் அது தனியாகக் காட்டியது. ஸ்லாட்டா வியாழக்கிழமைதோறும் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருமுறை அது அறுநூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் தன் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தார்கள் என்பதை அவள் அன்று மாலை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அந்த வசதி இல்லை. மகள்கள் பாதியில் "சரிம்மா, அப்புறம்" என்பார்கள். மருமகள்கள் தொடக்கத்திலேயே "கரெக்ட் அத்தை" என்பார்கள். ஃபைவிஷ் மூன்றாம் சொல்லில் "ம்" என்பார். அதன்பின் அவர் உடல் மட்டுமே அறையில் இருக்கும்.

"ஃபைவிஷ், இந்த வாரம் நான் என்ன பேசினேன்னு சொல்லு பார்ப்போம்."

"வெங்காயம்."

"வெங்காயத்தைப் பத்தி என்ன?"

"நல்லதுன்னு சொன்ன."

வசந்தம் முடியும் தறுவாயில் ஓர் இடர் எழுந்தது. வெங்காயம் தீர்ந்துவிட்டது. கடையில் அல்ல, கருத்தில். எறும்பு, தேனீக்கடி, பித்தளைக் குமிழ், செருப்பின் வெடிப்பு, துணியில் தீய்ந்த தடம் என அந்தக் காய் தன் சக்திக்கு மீறி உழைத்து ஓய்ந்திருந்தது. இதற்கிடையே ஒன்பதாம் எண்ணின்மேல் சீஸ்கேக் கடைக்காரர் ஒருவர் கண் வைத்திருந்தார். ஷவுவோஸ் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பாலும் பாலாடைக்கட்டியும்தான் விருந்து. ஐந்து நிமிடம் தன் சீஸ்கேக்கைப் பற்றித் தானே பேச அவர் ஆவலாய் இருந்தார். ரெப் லைபிஷ் இன்னும் தலையசைக்கவில்லை. ஆனால், மறுத்துத் தலையாட்டவும் இல்லை.

2014 மே 28, புதன்கிழமை. முப்பத்து நான்காம் பேச்சு. பதிவு செய்ய வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்புவரை ஸ்லாட்டாவிடம் சொல் இருந்தது, வெங்காயம் இல்லை. எதிரே அடுப்பின்மேல், பண்டிகைக்காக அலமாரியிலிருந்து இறக்கிய பால் சட்டி இருந்தது. அதன் அடி, சென்ற ஆண்டு பால் பொங்கிக் கருகிய கரியோடு நிலக்கரிச் சுரங்கம்போல் தோன்றியது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"பால் சட்டி அடிப்பிடிச்சுக் கெடக்கா? கவலையே வேண்டாம். ஒரு பெரிய வெங்காயத்தை நாலா வெட்டி உள்ள போடுங்க. தண்ணி ஊத்தி, ஒரு கை உப்பு போட்டு, கால் மணி நேரம் நல்லா கொதிக்க விடுங்க. அப்புறம் அதே வெங்காயத்தால தேய்ங்க. கண்ணாடி மாதிரி ஆயிடும். நான் எப்பவும் இப்படித்தான் செய்றேன்."

அவள் எப்போதும் அப்படிச் செய்ததில்லை. ஒருமுறைகூடச் செய்ததில்லை. அந்த யோசனை அந்த நொடியில், அவள் வாயில் பிறந்தது.

ஜூன் முதல் தேதி, ஞாயிறு காலை, மேல் மாடியில் குடியிருக்கும் தோபா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் ஒரு சட்டி. அதை உணவு மேசையில் வைக்காமல் கையிலேயே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"பாருடி."

"பளபளன்னு இருக்கு!" ஸ்லாட்டாவால் வியப்பை மறைக்க முடியவில்லை. "நெஜமாவே போயிடுச்சா கரி?"

"என்னடி நெஜமாவே? நீதானே எப்பவும் செய்றதா சொன்ன?"

"அது... ஆமா. அதான் கேக்குறேன், உனக்கும் போச்சான்னு."

"போச்சு. என் மூஞ்சி தெரியுது இதுல. மூக்குல மரு இருக்கறதே இப்பத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு மட்டும் இதுல செய்ய முடியாது. பால் ஊத்த முடியாது."

"ஏன்?"

"வெங்காயத்தை எதால வெட்டினேன்னு கேளு."

ஸ்லாட்டா கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் வீட்டுச் சமையலறையிலும் மூன்று கத்திகள் இருந்தன: சிவப்புப் பிடி இறைச்சிக்கு, நீலப் பிடி பாலுக்கு, பச்சைப் பிடி இரண்டுக்கும் பொதுவானவற்றுக்கு. பச்சைக் கத்தி எந்த வீட்டிலும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. கூர்மையாக இருப்பது எப்போதும் சிவப்புதான். உருளைக்கிழங்காக இருந்தால் பாதகமில்லை. கழுவிய கத்தியிலிருந்து அது எதையும் வாங்காது. வெங்காயம் காரமான சாதி. கத்தி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பழைய இறைச்சியின் சுவை முழுவதையும் உறிஞ்சித் தானே இறைச்சியாகிவிடும் என்பது சட்டம். பாலும் இறைச்சியும் கலக்கவே கூடாது என்பது அதற்கும் மூத்த சட்டம். அந்த இறைச்சியைத்தான் பரோ பார்க்கின் பெண்கள் தத்தம் பால் சட்டிகளில் கால் மணி நேரம் கொதிக்க வைத்திருந்தார்கள். பாலும் இறைச்சியும் ஒரே சட்டியில்.

"ஓய்," என்றாள் ஸ்லாட்டா, உட்கார்ந்தபடி. "பச்சைக் கத்தின்னு நான் சொல்லலையா?"

"சொல்லல. எங்க அக்கா கேட்டா. அவ நாத்தனார் கேட்டா. சொல்லல. உப்பு ஒரு கை, அதைச் சொன்ன. கால் மணி நேரம், அதைச் சொன்ன. ஷவுவோஸுக்கு ரெண்டு நாள் இருக்கு, எங்க வீட்ல பதினாறு பேர் சாப்பிட வர்றாங்க, நான் பால் அடையை எதுல சுடுறது, உன் தலையிலயா? பெரிய வெங்காயம் இவ!"

"கத்தாத, தோபா."

"நான் எங்க கத்தறேன்? தெரு கத்துது. ஜன்னலத் திற, கேளு."

ஸ்லாட்டா ஜன்னலைத் திறக்கவில்லை. தொலைபேசி அடித்தது. ரெப் லைபிஷ்.

"மிசஸ் கெல்பர்மன், காலையிலேருந்து என் போன் கீழ வைக்க முடியல. ராபி ஸூஷா டீட்ஷ் மூணாம் நம்பர்ல அறிவிச்சிட்டாரு. வெங்காயம் வேகவெச்ச சட்டி எதையும் தொடக் கூடாதாம், அவர் தீர்ப்பு சொல்ற வரைக்கும். உங்களையும் வரச் சொல்றாரு, இப்பவே. உங்க சட்டியோட."

"என் சட்டி எதுக்கு?"

"எப்பவும் செய்றேன்னு சொன்னீங்களே. அதைப் பார்க்கணுமாம். நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. சீஸ்கேக் காரர் இங்கதான் ஒக்காந்திருக்காரு. ராபி என்ன சொல்றாருன்னு பார்த்துத்தான் ஒன்பதாம் நம்பரை என்ன செய்யறதுன்னு முடிவெடுப்பேன்."

தோபா போனபின் ஸ்லாட்டா சமையலறையில் தனியாக நின்றாள். அடுப்பின்மேல் அவளுடைய சட்டி, கரி மாறாமல், கன்னித்தன்மையோடு இருந்தது. பரோ பார்க்கில் அன்று பழுதற்ற பால் சட்டி வைத்திருந்த பெண்கள் இரண்டு வகை: அவள் பேச்சைக் கேட்காதவர்கள், அவள்.

நிலைமையை அவள் வகைப்படுத்திப் பார்த்தாள். இந்தக் கரிச் சட்டியோடு ராபியின் முன் போய் நின்றால், செய்யாததைச் செய்தேன் என்று சொன்னவள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு யாரும் அவளுடைய ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவிட மாட்டார்கள். மாறாக, சட்டியும் பளபளவென்று, தோபாவின் சட்டியைப் போலவே கெட்டுப்போய் இருந்தால்? அவளும் ஏமாந்தவள், ஊரோடு ஒருத்தி. கெட்ட சட்டிக்காரிக்கு மன்னிப்பு உண்டு, கூடவே கொஞ்சம் பரிதாபமும் உண்டு. கெடாத சட்டிக்காரிக்கு எதுவும் இல்லை.

கால் மணி நேரம் போதும். வெங்காயம் இருந்தது. உப்பு இருந்தது.

அவள் சிவப்புப் பிடிக் கத்தியை எடுத்தாள். இறைச்சிப் பக்கத்துப் பலகையில் வெங்காயத்தை நான்காக வெட்டினாள். துண்டுகளைக் கையில் அள்ளினாள். மூன்று அடி நடந்தால் பால் பக்கம். அங்கே அடுப்பு, சட்டி, தண்ணீர்.

கால் நகரவில்லை. அவள் நகரச் சொன்னாள், அது மறுத்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக அந்தச் சமையலறையில் இந்தப் பக்கத்து வெங்காயம் அந்தப் பக்கம் போனதில்லை. தூக்கத்தில் பால் காய்ச்சியிருக்கிறாள், காய்ச்சலில் கோழி நறுக்கியிருக்கிறாள், பிரசவ வலியோடு ஒருமுறை மீன் பொரித்திருக்கிறாள், ஒருபோதும் தவறியதில்லை. ஊர் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தவறவைத்த பெண்ணுக்கு, தன் ஒரே சட்டியை வேண்டுமென்றே கெடுக்க முடியவில்லை.

ஃபைவிஷ் உள்ளே வந்தார். கையில் வெங்காயத்தோடு நடு அறையில் நிற்கும் மனைவியைப் பார்த்தார்.

"என்ன செய்ற?"

"ஒண்ணுமில்ல."

"அழறியா?"

"வெங்காயம்."

அவர் கத்தியின் பிடியைப் பார்த்தார். அடுப்பின்மேல் இருந்த சட்டியைப் பார்த்தார். ஜன்னல் திரைகளை அளக்கும் மனிதர். தூரங்கள் அவருக்குப் புரியும்.

"ஸ்லாட்டா, அதைக் குப்பையில போடு."

"போட்டா எனக்கு ஒன்பதாம் நம்பர் போயிடும், ஃபைவிஷ். அது போனா நான் யார்கிட்ட பேசுவேன்?"

"என்கிட்ட பேசு."

"உன்கிட்டயா!" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். குப்பைக் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

ராபி ஸூஷா டீட்ஷின் அறையில் ஒரு மேசை, முந்நூறு நூல்கள், பதினான்கு சட்டிகள். சட்டிகள் தரையில், ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் பெயர் எழுதிய காகிதத்தோடு, மருத்துவமனை வாசலில் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல் வரிசையாக இருந்தன. பிற பெண்ணோடு அடைத்த அறையில் இருக்கக் கூடாது என்ற வழக்கப்படி கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சமையலறையில் ராபியின் மனைவி பாத்திரம் ஒன்றை நெடுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் எழாமல் துடைக்கும் துடைப்பு அது.

ஸ்லாட்டா துணியில் சுற்றிய சட்டியை மேசைமேல் வைத்தாள். ராபி துணியை விலக்கினார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

"மிசஸ் கெல்பர்மன், நீங்க எப்பவும் இப்படித்தான் செய்றீங்க?"

"எப்படி, ராபி?"

"வெங்காயம் போட்டு."

ஸ்லாட்டா தரையிலிருந்த சட்டிகளைப் பார்த்தாள். அத்தனையும் மின்னின. நடுவில் அவளுடைய சட்டி துக்க வீட்டுக்கு வந்ததுபோல் கறுத்திருந்தது.

"இல்ல."

"எப்பவாவது?"

"இல்ல, ராபி. ஒரு தடவைகூட இல்ல. அன்னிக்கு எனக்கு வேற வெங்காயமே கெடைக்கல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"வாய்க்கு வந்தது." ராபி தாடியை நீவினார். "அப்ப இந்தச் சட்டி சுத்தமா இருக்கு. ஒரு சந்தேகமும் கெடையாது. ரொம்ப அழுக்கா இருக்கு, ஆனா சுத்தமா இருக்கு. இந்த அறையிலேயே நான் தயங்காம பால் குடிக்கக்கூடிய சட்டி இது ஒண்ணுதான்."

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

"என் வீட்டம்மா," என்றார் ராபி, குரலைத் தாழ்த்தாமலே. "வாராவாரம் ஒன்பதாம் நம்பரை அழுத்துறவங்க. வெள்ளிக்கிழமை சட்டியைக் கொண்டுவந்து காட்டினாங்க, பாருங்க எப்படி மின்னுதுன்னு. நானும் பாராட்டினேன். காலையில காபி கேட்டப்பத்தான் கத்தி ஞாபகம் வந்துச்சு அவங்களுக்கு. அதுலேருந்து கருங்காபிதான் குடிச்சிக்கிட்டிருக்கேன்."

"நான் என்ன செய்யணும், ராபி?"

அவர் தீர்ப்பை எழுதவில்லை. விரலால் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். பச்சைக் கத்தியால் வெட்டியவர்களுக்குக் கவலை இல்லை. சிவப்பால் வெட்டியவர்களும், எதால் வெட்டினோம் என்று நினைவில்லாதவர்களும் ஒன்றே. எஃகுச் சட்டிகளை ஒரு முழு நாள் தொடாமல் வைத்துப் பிறகு பொங்கும் நீரில் முக்கி எடுக்கலாம். எனாமல் பூசியவை போனது போனதுதான். நாளை மாலை நான்கு மணிக்கு, தெருவில், பெரிய அண்டா வைக்கப்படும். பெசாக் பண்டிகைக்கு முன்பு பாத்திரங்களைத் தூய்மையாக்க வைப்பதுபோல.

"இதை மூணாம் நம்பர்ல நான் சொல்லிடுவேன்," என்றார். "ஆனா மீதியை ஒன்பதாம் நம்பர்ல நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே."

"எந்த மீதி?"

"வாய்க்கு வந்த மீதி."

அவள் வெளியே வந்தபோது ராபியின் மனைவி வாசல்வரை கூடவே வந்தாள். கையில் ஷ்மாட்டா. "காலுறையில வைக்கிற வெங்காயம்," என்று மெல்லக் கேட்டாள், "அதாச்சும் நெஜமா?"

"அது நெஜம். என் ஏழு பிள்ளைங்களுக்கும் வெச்சிருக்கேன்."

"எங்க வீட்லயும் சளி போச்சு," என்றாள் அவள். பெரும் சுமை இறங்கிய முகம்.

ரெப் லைபிஷ் தொலைபேசியில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் வியாபாரி, கோபத்தையும் அளந்தே செலவிடுவார்.

"சரி, மிசஸ் கெல்பர்மன். ராபி சொல்லிட்டாரு, பேசுங்க. ஆனா நான் ஒண்ணு சொல்றேன். ஜனங்க உங்க மேல வெறுத்துப் போயிருக்காங்க. ரெண்டு வார்த்தை கேப்பாங்க, நாலு வசவு விடுவாங்க, வெச்சிடுவாங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கருவியைப் பார்ப்பேன். பண்டிகை மெழுகுவர்த்தி ஏத்தறதுக்கு முன்னாடி. ஆயிரம் பேரு கடைசி வரைக்கும் கேட்டிருந்தா, ஒன்பது உங்களோடது. இல்லன்னா சீஸ்கேக்."

"அறுநூத்துப் பன்னெண்டுக்கு மேல எனக்கு வந்ததே இல்லியே."

"தெரியும்," என்றார் ரெப் லைபிஷ் பணிவாக.

அன்று மாலை அவள் சமையலறை நாற்காலியில் அமர்ந்து பேசினாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒலிப்பதிவு கிடைக்கிறது; அது பின்வருமாறு:

"நல்ல வாரமா அமையட்டும் எல்லாருக்கும். நான் ஸ்லாட்டா. ஆமா, அதே ஸ்லாட்டாதான். வெச்சிடாதீங்க, அஞ்சே நிமிஷம். இந்த வாரச் சொல், பாபே-மைஸே. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அடி இல்லாத கதை. கேக்க நல்லா இருக்கும், தொட்டுப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. உதாரணம் சொல்றேன். போன புதன்கிழமை, பால் சட்டியில வெங்காயம் போடுங்க, நான் எப்பவும் செய்றேன்னு ஒருத்தி சொன்னா. அவ செஞ்சதே இல்ல. அவ சட்டி இன்னிக்கும் கருப்பாத்தான் இருக்கு. ராபி பார்த்துட்டாரு. நீங்களும் வந்து பார்க்கலாம், நாற்பத்தொன்பதாம் தெரு, ரெண்டாம் மாடி, தட்ட வேண்டாம், தோபா எப்பவும் தட்டாமத்தான் வருவா. வெக்கக்கேடு என்னன்னா, அந்த யோசனை வேலை செய்யுது. உங்க சட்டியெல்லாம் மின்னுது. சொன்னவளுது மட்டும் மின்னல. கத்தியைப் பத்தி நான் ஏன் சொல்லல? செஞ்சவளா இருந்தா ஞாபகம் வந்திருக்கும். கையில வெங்காயத்தை எடுத்தவளுக்குத்தான், எந்தக் கத்தின்னு தோணும். நான் எடுக்கவே இல்ல. இன்னிக்கு எடுத்தேன். எப்படியாவது தப்பிச்சுக்கலாம்னு, நானும் என் சட்டியைக் கெடுத்துக்கலாம்னு, சிவப்புக் கத்தியால வெட்டிட்டு நின்னேன். இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லல. கால் வரல. அவ்வளவுதான். இந்த வார வெங்காயம்: பச்சைக் கத்தியால வெட்டுங்க. வேற ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க. நல்லா இருக்கும்."

ஒலிப்பதிவு நான்கு நிமிடம் ஐம்பது நொடி. சொன்ன நேரத்துக்குள் அவள் முடித்த ஒரே பேச்சு இது.

திங்கள் மாலை தெருவின் நடுவே அண்டா கொதித்தது. பெசாக்குக்கு முன்பு மட்டுமே வெளிவரும் அந்த அண்டாவை ஜூன் மாத வெயிலில் கண்டு, பேருந்து ஓட்டுநர்கள் எந்தப் பண்டிகையைத் தவறவிட்டோம் என்ற கவலையோடு வேகம் குறைத்தார்கள். இரு ஆண்கள் முழங்கைவரை கையுறை அணிந்து, வலையில் சட்டிகளை இறக்கி ஏற்றினார்கள். பெண்களின் வரிசை முனைவரை நீண்டது. வரிசை பேசிக்கொண்டே இருந்தது. ஸ்லாட்டா வந்ததும் பேச்சு நிற்கவில்லை, பொருள் மட்டும் மாறியது.

"வந்துட்டா பாரு, கருப்புச் சட்டிக்காரி!"

"எங்க உன் சட்டி? முக்க வேண்டாமா? ஓ, உனக்குத் தேவையில்லல்ல!"

"ஸ்லாட்டா, எனக்கு எனாமல் சட்டி. புதுசு. எங்க மாமியார் குடுத்தது. தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு."

"மன்னிச்சுக்கோ," என்றாள் ஸ்லாட்டா.

"எதுக்கு? ஏழு வருஷமா அதைத் தூக்கிப் போட ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தேன்."

சிரிப்பு எழுந்தது, ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஓர் இளம்பெண் தன் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்லாட்டாவைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மணமாகி முதல் ஷவுவோஸ் அது. வீட்டில் இருந்த ஒரே பால் சட்டி அது. ஸ்லாட்டா அவளிடம் போய் ஏதும் பேசவில்லை. பேச்சால் சரியாகும் காரியம் அல்ல என்பது அவளுக்கே அப்போது புரிந்திருந்தது என்றால், அது பதிவு செய்யத் தக்க மாற்றம்தான். அவள் கையுறையை வாங்கிக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது. சட்டிகளை வாங்கினாள், முக்கினாள், குளிர்ந்த நீரில் அலசினாள், பெயரைப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள். இடையில் யாராவது கேட்டால்தான் பதில் சொன்னாள்.

"உன் பேச்சை நான் மூணு தடவை கேட்டேன்," என்றாள் தோபா, தன் சட்டியை நீட்டியபடி. "எங்க அக்காவுக்கும் போட்டுக் காட்டினேன். நீ அழுத இடத்துல நிறுத்தி நிறுத்திக் கேட்டா."

"நான் அழல."

"அழுதடி. சட்டியைப் பிடி."

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஸ்லாட்டா தன் கரிச் சட்டியில் பால் காய்ச்சினாள். அது வழக்கம்போல் அடிப்பிடித்தது. ஃபைவிஷ் கடையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டார். புதுச் சட்டை அணிந்து, தாடி வாரி, தொலைபேசி இருக்கும் மூலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்குக் கூப்பிடறேன்னான்?"

"ஏழு."

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நானும் கேட்டேன், தெரியுமா? கடையிலேருந்து."

"எங்க வரைக்கும்?"

அவர் தாடியைச் சொறிந்தார். "சாப்பிடுங்க, நல்லா இருக்கும், அது வரைக்கும்."

ஸ்லாட்டா அடுப்பை அணைத்தாள். ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் தொலைபேசி ஒலித்தது. முதல் மணியிலேயே ஃபைவிஷ் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மிசஸ் கெல்பர்மன்," என்றது ரெப் லைபிஷின் குரல், எந்த உணர்ச்சியும் இன்றி, "படிக்கிறேன், எழுதிக்கோங்க."

ஒன்பதாம் எண், முப்பத்தைந்தாம் பேச்சு. அழுத்தியவர்கள்: 4,871. கடைசிவரை கேட்டவர்கள்: 4,460.